கதரினாவின் செப்புக் கேத்தல்

நான் வேலை செய்கிற இடத்தில் துடைக்கக் கூடாத அழுக்கு என்று ஒன்று இருக்கிறது. ஊரில் இருந்து இதை வாசிக்கிறவை சிரிப்பியள். இந்த ஜெர்மனியில் எங்கட மாடிவீட்டுப் படிக்கட்டில் ஒரு செத்தை கிடந்தாலே கீழ்வீட்டு மனுசி கதவைத் தட்டி, என்னைக் கூட்டிக்கொண்டு போய் விரலாலே காட்டுவா. இந்தக் கிழமை படி கூட்டுகிற முறை உன்னுடையது என்று சொல்ல ஒரு சின்னப் பலகையைக் கதவில் கொழுவி விடுவா. அப்படிப்பட்ட சனம் மியூசியத்தில் மட்டும் ஒரு மெழுகுக் குழந்தையின் கன்னத்தில் கரியைத் தீட்டி வைத்துவிட்டு, "ஃப்ராவ் சந்தியாம்பிள்ளை, இதைத் தொடாதேங்கோ, இது நாங்கள் பூசின அழுக்கு" என்று முதல் நாளே எனக்குச் சொல்லிப்போட்டுது. சந்தியாம்பிள்ளை என்னுடைய அப்பு, என்னைப் பெத்தவர். மன்னாரில் மீன் பிடித்து, மன்னாரிலேயே செத்தவர். எங்கட பேர் வைக்கிற முறை இவையளுக்கு விளங்காததால், பாவம், அவரைத்தான் இந்த நாடு முழுக்க ஃப்ராவ், அதுதான் திருமதி, என்று கூப்பிடுகினம்.

வடக்கே, ஆறு போய்க் கடலில் விழுகிற ஒரு துறைமுகப் பட்டினத்தில் நான் என் மகள் ரஞ்சினியோடு இருக்கிறேன். எங்கட தாத்தாவின் தாத்தா காலத்தில், இந்தத் துறையில் இருந்துதான் கணக்கில்லாத சனம் நீராவிக் கப்பல் ஏறி அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தாண்டி அமெரிக்காவுக்குப் போனதாம். அதைக் காட்டத்தான் அந்த மியூசியம். கப்பலின் இடைத்தட்டை அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள். ஏழைகள் போன தட்டு அது. மேலும் கீழுமாகப் பலகைக் கட்டில், வைக்கோல் மெத்தை, தகரக் கோப்பை, சத்தி எடுக்கிற வாளி. மெழுகுப் பொம்பிளைகள் தலைத்துணி கட்டிக்கொண்டு குந்தி இருப்பினம். ஆவி இயந்திரம் அடிக்கிற சத்தமும் பிள்ளை அழுகிற சத்தமும் ஒலிபெருக்கியில் வரும். மியூசியம் பூட்டி இருக்கிற திங்கட்கிழமையில் சத்தத்தை நிப்பாட்டி விடுவார்கள். நானும் மெழுகுச் சனமும் மட்டும். அவையளின் தோளில் தூசு தட்டித் தட்டி, எந்தப் பொம்பிளைக்கு எந்த விரல் வெடித்திருக்கிறது என்று எனக்குப் பாடம்.

மற்ற நாட்களில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஜூஸைக் கொட்டினால் துடைக்க என்னைக் கூப்பிடுவார்கள். அப்போது வந்து பார்க்கிற சனத்தை நான் பார்ப்பேன். பெரிய பெரிய மனுசர் அந்தக் கட்டிலுக்கு முன்னால் நின்று அழுவினம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப்போட்டு, "அய்யோ, எப்படித்தான் தாங்கினார்களோ" என்று தங்களுக்குள் சொல்லுவினம். பிறகு திரும்பி என்னைக் கண்டால், ஈரமான நிலத்தைச் சுற்றிக் கவனமாக நடந்து போவினம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஜெர்மன் எழுத்து எனக்கு ஓடாது. ஒருநாள் ரஞ்சினி என்னைக் கூட்டிப் போக வந்தபோது, சுவரில் இருக்கிற பலகைகளை வாசித்துச் சொல்லு பிள்ளை என்று கேட்டேன். அவள் அவசரக்காரி. ஜாக்கெட்டைக் கழற்றாமலே வாசித்தாள். "இவ கதரினா. உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்ததாலை போனவ. புருசன் முதலே போயிட்டான், மூண்டு பிள்ளையளோடை பின்னாலை போறா. இவன் வேறை ஒரு வீட்டிலை மூண்டாவது மகன், மூத்தவனுக்குத்தான் காணி எண்டு போனவன். இவன் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிறாங்கள் எண்டு ஒளிச்சுப் போனவன். அம்மா, இவ்வளவும் காணுமே? பஸ் போயிடும்."

எனக்கு அவ்வளவு போதாமல் இருந்தது. அந்த இடத்திலேயே எனக்குக் கோபம் ஏறத் தொடங்கியது. காரணம் சொல்லுகிறேன்.

தொண்ணூறாம் ஆண்டு, நானும் அப்போது குமர்ப்பிள்ளையாக இருந்த ரஞ்சினியும் மன்னாரில் இருந்து இந்தியாக் கரைக்கு வள்ளத்தில் போனவர்கள். வள்ளத்தில் சனம் கூட. பாதிக் கடலில் தண்ணீர் ஏறத் தொடங்க, ஓட்டி, "சாமான் எல்லாத்தையும் எறியுங்கோ, இல்லாட்டி ஆளைத்தான் எறியவேணும்" என்று கத்தினான். நான் மடியில் வைத்திருந்தது ஒரு செப்புக்குடம். என் கலியாணத்துக்கு அப்பு வாங்கித் தந்தது, கழுத்தில் என் பேர் புள்ளி புள்ளியாக வெட்டி இருக்கும். எறிந்தேன். அது உடனே தாழவில்லை. வாயால் தண்ணீர் குடித்துக் குடித்து, கொஞ்ச நேரம் எங்களோடு கூடவே வந்தது. அகதி முகாமில் சில வருசம் இருந்து, ரஞ்சினி கலியாணம் முடித்து ஜெர்மனிக்கு வந்து, பிறகு ஏஜென்சிக்காரன் ஒருவன் மூலம் என்னையும் எடுப்பித்தாள். மருமகன் விட்டுப்போட்டுப் போன கதை இங்கே வேண்டாம்.

வந்து இறங்கி அகதி விசாரணைக்குப் போனேன். மேசைக்கு அங்கால் ஒரு ஐயா. நல்ல மரியாதையான மனுசன், தண்ணீர் எல்லாம் தந்தவர். ஏன் வந்தாய் என்று கேட்டார். ஷெல் விழுந்தது, புருசனைப் பிடித்துக்கொண்டு போனவங்கள் திருப்பித் தரவில்லை, வீடு இல்லை என்று சொன்னேன். மொழிபெயர்த்த தம்பி சொல்லி முடிக்க, அவர் கேட்டார்: "அந்த ஷெல் உங்களைக் குறிவைத்துத்தான் விழுந்ததா?" நான் யோசித்துப் பார்த்து, "இல்லை ஐயா, அது எல்லாருக்கும்தான் விழுந்தது" என்றேன். உண்மையைச் சொன்னேன். எங்கட கோயிலில் பொய்ச்சத்தியம் பெரிய பாவம். அவர் அதை எழுதிக்கொண்டார். அந்த ஒரு வசனத்தால் என் கேஸ் போய்விட்டது. உங்களை என்று தனியாக ஒருவரும் துரத்தவில்லை, பசிக்கும் பயத்துக்கும் வந்திருக்கிறீர்கள், இது காரணம் ஆகாது என்று கடிதம் வந்தது. அன்றில் இருந்து எனக்குத் தந்தது 'டுல்டுங்' என்கிற காகிதம். திருப்பி அனுப்புகிற வரைக்கும் பொறுத்துக்கொண்டிருக்கிறோம் என்று அதற்கு அர்த்தம். குறுக்காலே ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கும். சில மாதத்துக்கு ஒருக்கால் போய் முத்திரை வாங்கவேண்டும்.

இப்போது சொல்லுங்கோ. அந்த உருளைக்கிழங்கு கதரினாவைக் குறிவைத்தா அழுகினது?

ரஞ்சினி அந்தப் பலகைகளை வாசித்த வருசம் வன்னிப் பக்கம் சண்டை பெருக்கத் தொடங்கி இருந்தது. டோர்ட்மண்டில் இருக்கிற என் தங்கச்சி ஒவ்வொரு நாளும் போன் எடுத்து அழுவாள். அந்த நேரம்தான் ஒரு புதுச் சட்டம் வந்தது. பல வருசமாக டுல்டுங்கில் கிடக்கிறவர்களிடம் நிரந்தர வேலை இருந்தால், தங்குகிற விசா தருவார்களாம். வெளிநாட்டவர் விசயம் பார்க்கிற அரசாங்கக் கந்தோரில் எனக்கு ஒரு டெர்மின், அதுதான் இவையள் குறித்துத் தருகிற நாளும் நேரமும், செவ்வாய்க்கிழமைக்குக் கிடைத்தது. வேலை தருகிறவர் கையெழுத்து வைத்த கடிதம் கொண்டு வரவேண்டும், இல்லாவிட்டால் நாட்டுக்குத் திரும்பிப் போகிற ஆயத்தத்தைப் பார்க்கச் சொன்னார்கள். எனக்கு அறுபத்திமூன்று வயது. வேறு ஆர் வேலை தருவான்? மியூசியத்தின் பொறுப்பாளர் ஃப்ராவ் ஹார்ம்ஸ், நரைத்த தலைமுடியைக் கட்டையாக வெட்டின மனுசி, "எழுதித் தாறன், வெள்ளிக்கிழமை வாங்கோ" என்று சொல்லி இருந்தா. நான் அந்தக் கடிதத்தை நினைத்து மூன்று கிழமை செபமாலை சொன்னேன்.

வியாழக்கிழமை கதரினாவின் வழிவந்த ஒரு அம்மா அமெரிக்காவில் இருந்து வருகிறா என்று சொன்னார்கள். கதரினா தண்ணீர் கொதிக்க வைக்கவென்று கப்பலில் கொண்டு போன செப்புக் கேத்தலை அந்தக் குடும்பம்தான் மியூசியத்துக்கு அனுப்பி இருந்தது. அதை வைக்கிற கண்ணாடிப் பெட்டி மாற்றுகிற வேலை நடந்ததால், கேத்தல் பக்கத்து அறையில் ஒரு மேசையில் துணி மேல் இருந்தது. புதன்கிழமை காலையில் ஃப்ராவ் ஹார்ம்ஸ் எனக்குச் சொன்னது, "இந்த அறையை நாளைக்கு வாற விருந்தாளிகளுக்காக நல்லாச் சுத்தமாக்குங்கோ" என்று. நான் நிலத்தைத் துடைத்தேன், யன்னலைத் துடைத்தேன், மேசைக் காலைத் துடைத்தேன். பிறகு கேத்தலைப் பார்த்தேன். அடியெல்லாம் கரி. தோளில் பச்சைக் களிம்பு. மூக்கில் சுண்ணாம்பு மாதிரி ஏதோ.

எங்கட பக்கத்தில், செத்தவையின் இனசனம் வீட்டுக்கு வருகிறது என்றால் முதல் வேலை பாத்திரம் மினுக்குவது. செத்த மனுசியின் பாத்திரத்தைக் களிம்போடு அவளுடைய சந்ததிக்கு முன்னால் வைப்பது அந்த மனுசியை அவமதிக்கிற மாதிரி. 'என்ன, இந்த வீட்டில் பொம்பிளை இல்லையோ' என்று கேட்பார்கள். நான் ஒரு நிமிசம்கூட யோசிக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஆசியக் கடைக்குப் போய்ப் பழப்புளி வாங்கி வந்தேன். கல்லுப்பும் புளியும் பிசைந்து, கழிவறையில் கை கழுவுகிற தொட்டியில் வைத்து, விரல் நுனியால் தேய்த்தேன். களிம்பு போகப் போக உள்ளே இருந்து அந்தச் சிவப்பு வந்தது. எத்தனை வருசம் கழித்து என் கைக்குள் செம்பு. உண்மையைச் சொன்னால் நான் அழுதேன். அது கதரினாவுக்கா, கடலுக்குள் போன என் குடத்துக்கா என்று எனக்கே தெரியாது. கழுவி, வெயில் விழுகிற யன்னலில் காயவைத்து, துணி மேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு நல்ல நித்திரை.

மறுநாள் காலையில் நான் வாசலுக்குள் கால் வைக்கவே பராமரிப்பு வேலை செய்கிற ஹெர் யான்சன் ஓடி வந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக் காட்டினார். ஃப்ராவ் ஹார்ம்ஸின் அறையில் கேத்தல் மேசை நடுவில் சூரியன் மாதிரி இருந்தது. அவவின் முகம் வெள்ளைத்துணி. ரஞ்சினியை பேக்கரி வேலையில் இருந்து போன் போட்டுக் கூப்பிட்டுவிட்டார்கள், மாவு பட்ட ஏப்ரனோடு வந்து நின்றாள்.

"ஆர் அனுமதி தந்தது?" என்று ஃப்ராவ் ஹார்ம்ஸ் கேட்டா. ரஞ்சினி தமிழில் சொல்ல, "ஒருவரும் இல்லை" என்றேன்.

"என்ன போட்டுத் தேய்ச்சவ?"

"பழப்புளியும் உப்பும்."

ரஞ்சினி அதைச் சொல்ல முதலே எனக்கு முறைத்தாள். "அம்மா, கேத்தலுக்குள்ளை என்ன ரசமே வைக்கப் பாத்தனீங்கள்?" பிறகு ஜெர்மனில் சொன்னாள். ஃப்ராவ் ஹார்ம்ஸ், "அமிலம்!" என்று ஒரு தாளில் எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டா. அந்தக் கரிதான் கதரினாவின் அடுப்புக் கரி என்றும், அந்தப் பச்சைதான் காலம் என்றும், அது போனால் திரும்பி வராது என்றும் சொன்னா. சொல்லும்போது அவவின் குரல் நடுங்கினது. அது எனக்கு விளங்கினது, ஒரு பொருளை நேசிக்கிறது குற்றம் இல்லை.

"ஏன் செய்தீங்கள் எண்டு கேளுங்கோ. காரணம் என்ன?"

"விருந்தாளி வருகினம் எண்டு செய்தனான்" என்றேன்.

ரஞ்சினி சொன்னதும் அவ தலையை ஆட்டினா. "இது ஒரு காரணம் இல்லை."

அந்த வசனம். அதே வசனம். பன்னிரண்டு வருசத்துக்கு முந்தி வேறு மேசையில் இருந்து, கடிதத்தில் வந்த வசனம். நான் பிறத்தியாருக்கு முன்னால் சத்தம் வைத்துக் கதைக்காதவள். கோயிலில்கூடக் கடைசி வாங்கில் இருந்து வாய்க்குள்தான் பாடுவேன். எனக்கு எங்கே இருந்து அந்தக் குரல் வந்தது என்று தெரியாது. எனக்குத் தெரிந்த நாலு ஜெர்மன் சொல்லையும் பொறுக்கிச் சொன்னேன்.

"கெஸ்ஸல் ஆல்ட், குட். இஹ் ஆல்ட், நிஹ்ட் குட்?"

கேத்தல் பழசு, நல்லது. நான் பழசு, நல்லதில்லையோ? அவ்வளவுதான் எனக்குக் கட்ட முடிந்தது. ரஞ்சினி என் கையைப் பிடித்து, "அம்மா, வாயை மூடுங்கோ, கடிதம்" என்று மெல்லமாகச் சொன்னாள். எனக்கு மூட ஏலாமல் போய்விட்டது. மிச்சத்தைத் தமிழிலே சொன்னேன். "இவைக்குச் சொல்லு பிள்ளை. இந்தச் சனம் கப்பல் ஏறினபோது இவையை ஆரும் 'உன்னைக் குறிவைச்சோ' எண்டு கேட்டவையே? பசிக்குத்தானே போனவை? போய் இறங்கினவைக்கு மியூசியம். எனக்குச் சிவப்புக் கோடு. நூறு வருசம் கழிச்சு என்ரை வாளியையும் கண்ணாடிப் பெட்டியிலை வைச்சு அழுவினமே? சொல்லு!"

ரஞ்சினி எவ்வளவு சொன்னாளோ தெரியாது. கொஞ்சம்தான் சொன்னாள் என்று வாயைப் பார்க்கத் தெரிந்தது. ஃப்ராவ் ஹார்ம்ஸ் கழுத்துவரை சிவந்து, யன்னலைப் பார்த்தபடி, "இந்த நிலைமையிலை நிரந்தர வேலை எண்டு என்னாலை எழுத ஏலாது" என்றா. அவ கெட்ட மனுசி இல்லை. என் பிறந்தநாளுக்குப் பூ தந்தவ. கெட்ட மனுசியாக இருந்திருந்தால் என் கோபத்துக்கு ஒரு இடம் கிடைத்திருக்கும்.

பகல் பதினொரு மணிக்கு அமெரிக்கா அம்மா வந்தா. என்னை விட இரண்டு மூன்று வயது கூட இருக்கும், வெள்ளைச் சப்பாத்து, கழுத்தில் கமெரா. நான் வாளியோடு கதவோரம் நின்றேன், போ என்று ஒருவரும் சொல்லவில்லை, நில் என்றும் சொல்லவில்லை. கேத்தலைக் கண்டதும் அவ வாயைப் பொத்தினா. நான் செத்தேன் என்று நினைத்தேன். அவ அதை எடுத்து, அதில் தன் முகத்தைப் பார்த்து, கன்னத்தோடு ஒட்டி வைத்துச் சிரித்தா. இங்கிலீசில் ஏதோ சொன்னா, ஃப்ராவ் ஹார்ம்ஸும் இங்கிலீசில் ஏதோ சொன்னா. ஹெர் யான்சன்தான் எனக்குச் சின்னச் சின்ன ஜெர்மன் சொல்லில், காதுக்குள் எடுத்துவிட்டார். தங்கட வீட்டில் இது கரிக்கட்டை மாதிரி இருந்தது, இப்படி ஒரு நிறம் உள்ளே இருந்தது என்று தங்கட அம்மாவுக்கே தெரியாது என்று அவ சொன்னாவாம். அதற்கு ஃப்ராவ் ஹார்ம்ஸ், "எங்கட நிபுணர் ஒருவரைக் கொண்டு துப்புரவாக்கினனாங்கள்" என்று சொல்லிவிட்டாவாம். அந்த அம்மா, "அவரை நான் பாக்கலாமே, நன்றி சொல்லவேணும்" என்று கேட்டிருக்கிறா. "அவர் இண்டைக்கு லீவு."

நிபுணர் மூன்று முழத்துக்கு அப்பால் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றா.

வெள்ளிக்கிழமை ஃப்ராவ் ஹார்ம்ஸ் என்னைக் கூப்பிட்டு ஒரு கடித உறையைத் தந்தா. கேத்தல் விசயத்தை வெளியில் கதைக்கவேண்டாம் என்று, வாயில் விரலை வைத்துக் காட்டினா. அவவின் கண் என்னைப் பார்க்கவில்லை. வீட்டில் ரஞ்சினி வாசித்தாள். நான் நிரந்தரமாக வேலை செய்கிறேனாம். வரலாற்றுப் பொருட்களைப் பராமரிப்பதில் எனக்கு விசேச அனுபவம் இருக்கிறதாம். மியூசியத்துக்கு நான் இல்லாமல் ஏலாதாம். ரஞ்சினி விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, நீங்கள் இப்ப படிச்ச மனுசி. இனி என்ரை சட்டியளையும் நீங்களே பராமரியுங்கோ." நானும் சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை கந்தோரில் ஒரு இளம் பெட்டை கடிதத்தைப் பார்த்தாள், கணினியைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. என் கடவுச்சீட்டில் விசாவை ஒட்டினாள். ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் குடித்து முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. நான் அந்தக் கதிரையில் இருந்தபடி நினைத்தேன்: என் புருசனைக் கொண்டு போனதைச் சத்தியம் பண்ணிச் சொன்னபோது இவர்கள் நம்பினார்கள், ஆனால் அது போதாது என்றார்கள். ஒரு கேத்தலைப் பற்றி ஒரு மனுசி சொன்ன பொய்யை மூடிவைக்க எழுதின கடிதத்துக்கு முத்திரை குத்துகிறார்கள். உண்மைக்கு விசா இல்லை. என் வாய்க்குப் பூட்டுப் போட்டதற்கு விசா. நானும் வாங்கிக்கொண்டு வந்தேன். அதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடக் கோபம். கிழித்து எறிந்திருக்கலாமே என்று சொல்லுகிறவர்கள் சிவப்புக் கோட்டோடு நித்திரை கொண்டு பாருங்கோ. ஃப்ராவ் ஹார்ம்ஸுக்குத் தமிழ் தெரியாது, அதனால்தான் இதையாவது எழுதுகிறேன்.

அடுத்த திங்கட்கிழமை வழமை போல வேலைக்குப் போனேன். மியூசியத்தின் பெரிய மண்டபத்தில் ஒரு பக்கம் துறைமுகக் கரை, மறுபக்கம் கப்பலின் இரும்புச் சுவர், நடுவில் கடல் என்று ஒரு அகலமான தொட்டியில் கறுப்புத் தண்ணீர் விட்டிருக்கும். அன்றைக்குத் தண்ணீரை இறைத்து, பாசி உரஞ்சச் சொன்னார்கள். ஹெர் யான்சன் ஏணியால் என்னை உள்ளே இறக்கிவிட்டு, வேறு வேலைக்கு ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முழங்கால் வரைக்கும் ரப்பர்ச் சப்பாத்தோடு நான் அடியில் நின்றேன். கரையில் நிற்கிற மெழுகுச் சனம் கைலேஞ்சியை ஆட்டிக்கொண்டு கப்பலைப் பார்க்குது. கப்பல் தட்டில் நிற்கிற சனம் குழந்தையைத் தூக்கிக் காட்டிக் கரையைப் பார்க்குது. எல்லாருடைய பார்வையும் என் தலைக்கு மேலால்தான் போய் வருகுது. நான் பாசியை உரஞ்சினேன். உரஞ்ச உரஞ்சச் சீமெந்து வெளுத்தது.

கொஞ்ச நேரத்தால் ஹெர் யான்சன் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து மேலே இருந்து எட்டிப் பார்த்தார்.

"ஃப்ராவ் சந்தியாம்பிள்ளை, எந்தப் பக்கம் வைக்க? கரையிலையோ, கப்பலிலையோ?"

நான் அண்ணாந்து இரண்டு பக்கத்தையும் பார்த்தேன். அவர் ஏணியோடு காத்துக்கொண்டு நின்றார். நான் குனிந்து, உரஞ்ச இன்னும் கொஞ்ச இடம் கிடக்கு என்று கையாலே காட்டினேன்.